இருக்கையடியில் அடங்கிய கணிப்பொறி

என் கணவர் அந்தக் கணிப்பொறியைக் கட்டத் தொடங்கியபோது முதலில் அளந்தது பேருந்து இருக்கையின் அடிப்பகுதியை. வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம், படப்பை வழியாகத் தாம்பரம் செல்லும் பேருந்தில் இருவரும் ஏறினோம். நான் இருக்கையில் அமர்ந்தேன். அவர் என் காலருகில் குந்தி, சணற்கயிற்றால் இருக்கையடியின் உயரத்தையும் ஆழத்தையும் அளந்து முடிச்சிட்டுக்கொண்டார். ஏதேனும் தொலைந்துவிட்டதா என்று நடத்துநர் கேட்டார். இதற்குள் ஒரு கம்ப்யூட்டர் நுழைய வேண்டும் என்றார் இவர். நடத்துநர் இவரை ஒருமுறையும் என்னை ஒருமுறையும் பார்த்துவிட்டு, "நொழையட்டும். அதுக்கும் லக்கேஜ் டிக்கெட்டு கீது" என்று சொல்லி அப்பால் போனார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. சென்னையில் தொலைக்காட்சிப் பெட்டிகளை இணைக்கும் சிறு தொழிலகம் ஒன்றில் அவர் பணிபுரிந்தார். அது மூடப்பட்டபின் சுங்குவார்சத்திரத்தை அடுத்திருந்த அவருடைய ஊருக்கே குடிவந்துவிட்டோம். திருப்பெரும்புதூரில் பெண்கள் பள்ளி ஒன்றில் நான் தமிழாசிரியையாக இருந்தேன். ஊர்ஊராகப் பள்ளிகளுக்குக் கணிப்பொறியைத் தூக்கிச் சென்று மாணவர்களுக்குக் காட்டிக் கற்பிக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். அந்தப் பெட்டி, நிச்சயம் செய்யப்பட்ட ஒரு பெண்ணின் திருமணத்தை முறிக்கும் நிலைக்குக் கொண்டுபோகும் என்பதை அன்று எவரும் எண்ணியிருக்க முடியாது.

அக்காலத்தில் கணிப்பொறி என்றால் குளிரூட்டிய அறை. வாயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டும். கல்லுடைக்கும் ஆலைகளின் தூசியும், செம்மண் லாரிகள் தோண்டிய பள்ளங்களும் நிறைந்த எங்கள் சாலையில் அதைத் தூக்கிக்கொண்டு திரிவது என்பதே பலருக்கு நகைப்பாக இருந்தது. இவர் நகைப்பைப் பொருட்படுத்தவில்லை. சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளுக்குப் போகும்போதெல்லாம் ஓர் உறுப்பை வாங்கி வந்தார். சுற்றுப்பலகை ஒருநாள், விசைப்பலகை மற்றொருநாள். சிறிய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றின் ஓட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் படக்குழாயை மட்டும் எடுத்துக்கொண்டார். கட்டளைகளைச் சேமித்து வைக்க எங்கள் வீட்டு டேப் ரிக்கார்டர் போதும் என்றார். அன்று முதல் எங்கள் வீட்டில் பாட்டு நின்றது.

எங்கள் திருச்சபையில் வீட்டுக்கூட்டங்களுக்கு எடுத்துச் செல்லும் ஆர்மோனியம் ஒன்று இருந்தது. அதன் பெட்டியைச் செய்த தச்சரிடமே ஒட்டுப்பலகையும், அளந்து முடிச்சிட்ட அந்தச் சணற்கயிறும் கொடுத்து இந்தப் பெட்டியையும் செய்வித்தார். முன்பலகையைத் தாழ்த்தினால் விசைப்பலகை. மேல்மூடியைத் தூக்கினால் படக்குழாய். மூலைகளுக்கு இரும்புத் தகடு, மேலே கறுப்பு ரெக்சின். முதல் நாள் அதைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை நடந்தபோது அது ஒரு பக்கம் சாய்ந்து அவருடைய முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது. டிரான்ஸ்ஃபார்மரின் எடை முழுதும் ஓரமாக இருந்ததே காரணம். வீடு திரும்பியதும் பெட்டியைப் பிரித்து, கைப்பிடிக்கு நேர்கீழே அதனை மாற்றி வைத்தார். முழங்காலில் நீலம் பாரித்த தடம் மறையும் முன்பே வேறொரு தொல்லை வந்தது. பேருந்து குலுங்கக் குலுங்கச் சுற்றுப்பலகையில் செருகியிருந்த சில்லுகள் தத்தம் பொருத்துவாய்களிலிருந்து சிறிது சிறிதாக மேலெழும்பின. ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்த வேண்டியிருந்தது. சலித்துப்போய் ஒருநாள் பொருத்துவாய்களையே களைந்துவிட்டு, சில்லுகளை நேரே பலகையில் ஈயம் வைத்துப் பற்றவைத்தார். இனி ஒன்று கெட்டால் பலகையோடு போகும் என்று சொன்னபோது அவர் குரலில் கவலை இருந்தது. காற்றுத்துளைகளின் வழியே தூசி புகாதிருக்க என் பழைய, மெல்லிய வாயில் துணிச் சேலையொன்றைக் கிழித்து இரண்டு மடிப்பாகத் தைத்துக் கொடுத்தேன்.

இவ்வளவு பாடுபட்டுப் பள்ளிகளுக்குத் தூக்கிச் சென்றால், தலைமையாசிரியர்கள் தேநீர் கொடுத்து அனுப்பினார்கள். பெருக்கல் வாய்பாட்டைத் திரையில் ஓடவிட்டுக் காட்டினார். வட்டம் வரைந்து காட்டினார். எல்லாம் பார்த்து முடித்த ஆசிரியர்கள் அவரைத் தனியே அழைத்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: இது ஜாதகம் போடுமா? சென்னைப் பொருட்காட்சியில் போடுகிறார்களாமே? ஏழெட்டுப் பள்ளிகளில் இதே கேள்வி. ஒன்பதாவது பள்ளியிலிருந்து திரும்பி வந்த மாலையில் அவர் சாப்பிட அமர்ந்து, சோற்றில் கைவைக்காமல், "போட்டுத்தான் பாக்கலாமா?" என்றார்.

எங்கள் குடும்பங்கள் இரண்டிலும் சில தலைமுறைகளாக ஜாதகம் எழுதும் வழக்கம் இல்லை. எனக்கு இலக்கியத்தின் வழியே நாண்மீன்களின், அதாவது நட்சத்திரங்களின், பெயர்கள் பழக்கம். அவற்றை ஒரு பிறப்போடு இணைத்துக் கணக்கிடும் முறை தெரியாது. அவருக்கு அதுவும் தெரியாது. ஆனால் நிலவு இன்ன நேரத்தில் வானத்தில் எந்த இடத்தில் நின்றது என்று கண்டறிவது அவரைப் பொறுத்தவரை கணக்கு மட்டுமே. சென்னையில் ஒரு நூலகத்தில் அமர்ந்து வானியல் நூல்களிலிருந்து சூத்திரங்களைப் படியெடுத்து வந்தார். பல வாரங்கள் அதில் கழிந்தன. தமிழில் அச்சிட எழுத்துகள் வேண்டுமே. கட்டம் போட்ட தாளில் ஒவ்வோர் எழுத்தையும் புள்ளிபுள்ளியாக நான் வரைந்து கொடுத்தேன். அவர் வாங்கிப் பெட்டியோடு சேர்த்த, ஊசிகளால் புள்ளி குத்தி அச்சிடும் சிறு பொறி அவற்றை ஏற்றுக்கொண்டது. நினைவகம் மிகச் சிறியதாகையால் பலன்களை எழுத இடம் இல்லை. பிறந்த நட்சத்திரம், இராசி, கட்டம் ஆகியவற்றோடு அது நின்றுவிடும்.

இது நல்லதாயிற்று என்றே இருவரும் நினைத்தோம். எங்கள் ஆயர் ஒருநாள் வீட்டுக்கு வந்து, இது தகுமா என்று மென்மையாகக் கேட்டார். "நட்சத்திரம் எங்க நிக்குதுன்னு மட்டுந்தான் அய்யா சொல்றேன். அது யார இன்னா பண்ணும்னு பெட்டி ஒரு வார்த்த சொல்லாது" என்று என் கணவர் விடை கூறினார். ஆயர் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லிப் போனார்.

அதன்பின் திருவிழாக்கள். பெட்டி உண்மையாகவே பயன்பட்டது அப்போதுதான். எந்த ஊர்க்கோயிலில் தேர், எந்த ஊரில் தெப்பம் என்று பார்த்துச் சென்றோம். விடுமுறை நாள்களில் நானும் போவேன். பிறந்த நேரத்தைத் தாய்மார்கள் என்னிடம்தான் சொன்னார்கள். இவரிடம் சொல்லக் கூச்சப்பட்டார்கள். ஒருத்தி, முதல் வாலாஜா பஸ் போனபோது பிறந்தான் என்றாள். அந்தப் பேருந்து எத்தனை மணிக்குப் போகும் என்று கேட்டால், அது டிரைவரைப் பொறுத்தது என்றாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அச்சுப்பொறி கீச்சிடும் ஓசைக்குப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். தாளைக் கையில் வாங்கியவர்கள் அதை இரு கைகளாலும் பெற்றுக் கண்களில் ஒற்றிக்கொண்டார்கள். அது எனக்கு அச்சத்தைத் தந்தது. சோதிடர் எழுதினால் அவர் யார் பக்கம், யாருக்கு வேண்டியவர் என்று ஐயப்படுவார்கள். பெட்டிக்கு உறவினர் இல்லை. ஆகவே அது சொன்னால் சொன்னதுதான்.

மணிமங்கலத்துத் திருவிழாவில் அந்தப் பெண் வந்தாள். என் பழைய மாணவி, அவ்வூர்ப் பெண். தாயோடும், படப்பையிலிருந்து வந்திருந்த வருங்கால நாத்தனாரோடும் நின்றாள். நிச்சயம் முடிந்து, மண்டபம் பார்த்து, துணியும் எடுத்துவிட்டார்கள். நாத்தனாருக்கு வேடிக்கை. "எங்க அண்ணிக்கு போடுங்க டீச்சரம்மா, பொட்டி இன்னா சொல்லுதுன்னு பாப்போம்" என்று அவள்தான் முந்தினாள். தாய் பிறந்த நேரத்தைத் தயங்காமல் சொன்னாள். மருத்துவமனையில் பிறந்த பிள்ளை. கடிகாரம் பார்த்துக் குறித்த நேரம். பொறி கீச்சிட்டது. தாளைக் கிழித்து நாத்தனார் பெண்ணிடம் கொடுத்தேன். அவள் வாய்விட்டுப் படித்தாள். இராசி தனுசு. நட்சத்திரம் மூலம்.

தாயின் முகம் மாறியதைக் கண்டேன். அவர்கள் வீட்டில் எழுதி வைத்திருந்த ஜாதகத்தில் அந்தப் பெண் கேட்டை நட்சத்திரம், விருச்சிக இராசி. கேட்டையில் பிறந்த பெண் கணவனின் அண்ணனுக்கு ஆகாது என்பார்கள். மணமகன் தலைப்பிள்ளை, அண்ணன் இல்லை, எனவே அது தடையாக நிற்கவில்லை. மூலம் அப்படியன்று. மூலத்தில் பிறந்தவள் மாமனாருக்கு ஆகாது என்பது இப்பகுதியில் எழுதப்படாத சட்டம். மணமகனின் தந்தை உயிரோடு, திடமாக இருக்கிறார். நாத்தனார் பெண் அந்தத் தாளை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். சிரிப்பு நின்றிருந்தது. தாய் அதைத் திருப்பிக் கேட்கத் துணியவில்லை. என் மாணவி என்னைப் பார்த்தபடி நின்றாள்.

பெண்ணின் தந்தை எங்கள் வீட்டுக்கு வந்து வாயிற்படிக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே அழைத்தும் வரவில்லை. "இன்னா சார் இது, வெளையாட்டா போட்ட தாளு எம் பொண்ணு தலையில கல்லாட்டம் வுழுந்துடிச்சி" என்றார். படப்பையிலிருந்து ஆள் அனுப்பி, எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். நிச்சயமான பின் நின்றுபோன பெண்ணை, அதுவும் மூலம் என்று பெயர் எடுத்த பெண்ணை, இனி யார் கேட்பார்கள்? அவர் வேண்டியது ஒன்றுதான். என் கணவர் படப்பைக்கு வந்து, பெட்டி தப்பாகப் போட்டுவிட்டது என்று அவர்கள் முன்னால் சொல்ல வேண்டும்.

கணக்கைச் சரிபார்க்காமல் சொல்ல மாட்டேன் என்றார் இவர். பெட்டியில் இட்ட கணக்கைக் காகிதத்தில் தம் கையாலேயே மீண்டும் போட்டுப் பார்த்தார். மூலம்தான் வந்தது. மறுநாள் திருப்பெரும்புதூரில் பஞ்சாங்கம் விற்கும் ஒரு சோதிடரிடம் போனார். அந்த முதியவர் கேட்ட முதல் கேள்வியிலேயே எல்லாம் விளங்கிவிட்டது: உங்கள் பொறி வாக்கியமா, திருக்கணிதமா? அப்படி இரண்டு உண்டு என்பதே இவருக்கு அப்போதுதான் தெரியும். முன்னோர் வகுத்த வாக்கியங்களின்படி நிலவின் இடத்தைக் கணிப்பது ஒரு முறை. வானத்தில் கருவி கொண்டு பார்த்தபடி கணிப்பது மற்றொன்று. இரண்டுக்கும் இடையே சில நாழிகை வேறுபாடு எழும். பெரும்பாலானவர்களுக்கு அது எதையும் மாற்றாது. ஒரு நட்சத்திரம் முடிந்து அடுத்தது தொடங்கும் எல்லையில் பிறந்தவர்களுக்கு மட்டும் நட்சத்திரமே மாறிவிடும். எங்கள் பகுதிக் குடும்பங்கள் வாக்கியத்தின் வழிப்பட்டவை. இவர் நூலகத்திலிருந்து கொண்டுவந்த சூத்திரங்களோ திருக்கணிதம். அந்தச் சில நாழிகை இடைவெளியில் அந்தப் பெண் பிறந்திருந்தாள்.

"அப்ப தப்புன்னு சொல்லிடலாமே" என்றேன்.

"தப்பு இல்லயே. நெலா அன்னைக்கு மூலத்துலதான் நின்னுது."

"அப்ப சரின்னு சொல்வீங்களா?"

ஆயரிடம் அன்று சொன்ன விடை எங்கள் இருவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். இருவருமே அதைச் சொல்லவில்லை. கணக்குகள் இரண்டு என்பதை விளக்கிச் சொல்வேன், அதற்குமேல் அவர்கள் பாடு என்று கடைசியில் முடிவு செய்தார். பெட்டியையும் கொண்டுவர வேண்டும் என்று படப்பையிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதை இருக்கையடியில் தள்ளிவிட்டு இருவரும் புறப்பட்டோம். வழி முழுதும் அவர் பெட்டியின் மேல் ஒரு காலை வைத்து அணைத்தபடியே இருந்தார். ஒரகடம் தாண்டியபின் ஏரிக்கரை ஓரமாகப் பேருந்து நின்று நின்று போனது. ஊர் வராமலே இருக்கட்டும் என்று எனக்குத் தோன்றியது.

படப்பைக்கு உள்ளடங்கிய ஒரு சிற்றூரில் அவர்கள் வீடு. மணமகனின் தந்தை நிலமும் நெல் அரவை ஆலையும் உடையவர். உரத்துப் பேசுபவர் அல்லர். எங்களை நாற்காலிகளில் அமரச் செய்து மோர் கொடுத்தார். மணமகன் ஷிப்டுக்குப் போயிருந்தார். நாத்தனார் பெண் தூணோரமாக நின்றாள். அவளுடைய தாய் அடுக்களைக்கும் கூடத்துக்கும் இடையிலிருந்த நிலைப்படியில் சாய்ந்திருந்தார். பெண்வீட்டார் அழைக்கப்படவில்லை. என் கணவர் இரண்டு கணக்குகளைப் பற்றி விளக்கினார். மரியாதையோடு முழுவதும் கேட்டுக்கொண்ட பின் பெரியவர் சொன்னார்:

"ரெண்டு கணக்குன்னா எனக்கு வெளங்கல தம்பி. எங்க வூட்டுல நாலு பேருக்கு ஜாதகம் கீது. நாலையும் உம் பொட்டியில போடு. நாலும் ஒத்துக்கினா பொட்டி சொல்றதுதான் நெசம், கல்யாணம் நிக்கட்டும். ஒண்ணு மாறினாலும் பொட்டி பொய்யி. நான் பழைய ஜாதகத்தையே நம்பிக்கினு பொண்ண கூட்டியாந்துடறேன்."

எல்லையில் பிறந்தவர்களுக்கு மட்டுமே மாறும், எனவே நான்கும் ஒத்துவந்தாலும் அது சான்றாகாது என்று இவர் சொல்லிப் பார்த்தார். அப்படியானால் பயம் எதற்கு, போடு என்றார் பெரியவர். போடாமல் எழுந்து வந்தாலும் கல்யாணம் நின்றுவிடும். போட்டாலும் பெரும்பாலும் நின்றுவிடும். இவர் என் முகத்தைப் பார்த்தார். நான் பெட்டியின் கொக்கிகளைக் கழற்றினேன்.

உடனே வேலை தொடங்கவில்லை. ஊர் முழுதும் பம்பு செட்டுகள் ஓடிக்கொண்டிருந்த வேளை அது; மின்னழுத்தம் போதாமல் திரையின் உருவம் நாற்புறமும் சுருங்கித் துடித்தது. மோட்டார்கள் நிற்கும்வரை காத்திருந்தோம். பெரியவர் திண்டில் சாய்ந்து, மழை பற்றியும் நெல் வரத்துப் பற்றியும் என் கணவரிடம் வினவினார். பண்போடுதான் பேசினார். அந்தப் பண்பு என்னை வாட்டியது. திரை விரிந்து நேரானதும் டேப் ரிக்கார்டரிலிருந்து கட்டளைகள் இரைச்சலிட்டு ஏறின.

முதலில் பெரியவருடையது. அவருடைய ஜாதகத்தில் இருந்தபடியே பெட்டியும் உத்திரம் என்றது. மகனுடையதும் ஒத்துவந்தது. மகளுடையதும் அப்படியே. ஒவ்வொரு தாளையும் அவர் மடியில் அடுக்கிவைத்தார். மணிமங்கலத்தில் அந்தப் பெண் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். அவள் எட்டாம் வகுப்பில் முதல் வரிசையில், சன்னலோரத்தில் அமர்வாள். பாடத்தில் ஐயம் வந்தால் கையை முழுதும் உயர்த்தாமல் காதளவுக்குத் தூக்குவாள். இன்னும் ஒரு தாள் ஒத்துவந்தால் அவள் கதை முடிந்தது.

நான்காவது, நிலைப்படியில் சாய்ந்திருந்த அம்மாளுடையது. திருமணத்தின்போது பிறந்த வீட்டிலிருந்து அவர் கொண்டுவந்த ஜாதகத்தைப் பார்த்து நேரத்தைச் சொன்னார்கள். அதில் பூசம் என்று இருந்தது. பொறி கீச்சிட்டு நின்றது. தாளைக் கிழித்துப் படிக்கத் தொடங்கிய மகள் பாதியில் நிறுத்தினாள்.

"இன்னா போட்டுகீது, படி" என்றார் தந்தை.

"ஆயிலியம்."

மாறிவிட்டது. பெரியவர் வகுத்த விதிப்படி பெட்டி பொய். அந்தப் பெண் தப்பித்தாள். என் நெஞ்சு இளகியது ஒரு நொடிதான். பெரியவர் அதைச் சொல்லவில்லை. அவருடைய பார்வை சுவரில், பொட்டு வைத்து மாலை சாத்தியிருந்த ஒரு பெண்மணியின் படத்துக்குப் போய் அங்கேயே நின்றது. அவருடைய தாய். மகளும் அந்தப் படத்தைப் பார்த்தாள். ஆயிலியத்தில் பிறந்தவள் மாமியாருக்கு ஆகாது என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

அந்த அம்மாள் நிலைப்படியை விட்டு மெல்ல முன்னே வந்தார். மகளின் கையிலிருந்த தாளை வாங்கினார். என்னிடம் பேசுவதுபோல் என் பக்கம் திரும்பித்தான் பேசினார்.

"நான் இந்த வூட்டுக்கு வந்த வருசமே எங்க அத்த செத்துட்டாங்க டீச்சரம்மா. வாந்தி பேதி. ஊருல நெறைய பேரு போனாங்க அப்ப. பூசம்னு எழுதியிருந்துச்சி, அதனால ஒருத்தரும் என்ன ஒரு கேள்வி கேக்கல. சின்ன பொண்ணு, மாமியா இல்லாம பூட்டாளேன்னு எனக்குத்தான் ஆறுதல் சொன்னாங்க."

பிறகு கணவரிடம் திரும்பினார். அன்று அவர் முகத்தை நேரே பார்த்து அந்த அம்மாள் பேசியது அப்போதுதான்.

"அன்னைக்கே இந்தப் பொட்டி இருந்திருந்தா என்ன இன்னா பண்ணியிருப்பீங்க?"

தூரத்தில் மீண்டும் ஒரு மோட்டார் ஓடத் தொடங்கியது. திரையின் உருவம் சுருங்கியது. பெரியவர் மடியிலிருந்த மூன்று தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓரம் சேர்த்து வைத்தார், மீண்டும் சேர்த்து வைத்தார். அந்த அம்மாள் அவருக்காகக் காத்திருந்தார். விடை வராது என்று தெரிந்தபின், "சொல்ல வேணாம். அந்தப் பொண்ண கூட்டியாங்க. அவ எங்கூட இருக்கட்டும்" என்றார். பிறகு தம் பெயருக்கு அச்சான தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார்.

பெரியவர் தொண்டையைச் செருமினார். "மாறிப்பூட்சில்ல" என்றார் என் கணவரிடம். "ஒண்ணு மாறினாலும் பொய்யின்னு சொன்னேன். பொட்டி பொய்யி. மூடிக்கினு போ தம்பி. கல்யாணம் அதே தேதியில நடக்கும்." அந்தச் சொற்களை அவர் தமக்கே சொல்லிக்கொண்டது போலிருந்தது. சுவர்ப்பக்கம் மறுபடி அவர் பார்க்கவே இல்லை, பார்க்காதிருக்கப் பாடுபட்டார்.

திரும்பும் பேருந்தில், நல்லபடியாக முடிந்ததே என்று நான்தான் தொடங்கினேன். என் கணவர் தலையசைத்தார். சிறிது பொறுத்து, "அந்தம்மா அந்தத் தாளக் கிழிக்கல, பாத்தியா?" என்றார். பார்த்தேன் என்றேன். அந்த வீட்டில் இதுவரை யாருக்கும் இல்லாத ஒரு பழியை நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறோம் என்பதை இருவரும் உணர்ந்திருந்தோம். பெட்டி ஒரு பிழையும் செய்யவில்லை. அதனால் எங்கள் மனச்சுமை குறையவுமில்லை.

பெட்டி பொய் சொல்லும் என்ற செய்தி எங்களுக்கு முன்பே ஊர்ஊராகச் சென்றுவிட்டது. அடுத்த திருவிழாவுக்கு எங்களை எவரும் அழைக்கவில்லை. இவர் அதை மறுத்துப் பேசவும் இல்லை. ஜாதகக் கட்டளைகள் இருந்த ஒலிநாடாவை ஒரு காலையில் தாமே அழித்தார். பள்ளிகளுக்கு மட்டும் பெட்டியை எடுத்துச் செல்வது என்று வைத்துக்கொண்டோம். சில பள்ளிகள் ஏற்றன, பல ஏற்கவில்லை.

திருமணம் குறித்த நாளில் நடந்தது. இவர் வரவில்லை, நான் போனேன். மேடையில் மணமகளின் பக்கத்தில் அந்த மாமியார் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் இவள் என் மருமகள் என்று கையைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பிடி மிக இறுக்கமாக இருந்தது. பார்த்தவர்கள் அதைப் பாசம் என்று கொண்டிருப்பார்கள். பாசம் அதில் இல்லாமலும் இல்லை.

சில மாதங்கள் கழித்துப் படப்பைப் பேருந்து நிறுத்தத்தில் அவளைக் கண்டேன். தாம்பரத்து மருத்துவமனையிலிருந்து திரும்பி, புகுந்த வீடு இருந்த அந்தச் சிற்றூருக்குப் போகும் பேருந்துக்காக நின்றிருந்தாள். கையில் ஒரு மருந்துப் புட்டி. மாமனாருக்கு நெஞ்சில் சளி, காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது என்றாள். கணவர் நல்லவர், நாத்தனாரும் இப்போது பேசுகிறாள் என்று நான் கேட்காமலே சொன்னாள். ஆனால் பெரியவர் இருமும்போதெல்லாம் வீட்டில் எல்லாரும் ஒரே வேளையில் வேறெங்கோ பார்க்கிறார்களாம்.

"மருந்த நீதான் குடுக்கணும்னு அத்த சொல்லிட்டாங்க டீச்சர். வேற யாரையும் தொடவுட மாட்டேன்றாங்க. எல்லாரும் பாக்க, மூணு வேளையும் நான்தான் குடுக்கறேன். அவரும் வாங்கிக் குடிக்கிறாரு. கண்ண மூடிகினு குடிக்கிறாரு."

பிறகு குரலைத் தாழ்த்தி, "நெசமா எனக்கு எது டீச்சர்? கேட்டயா, மூலமா?" என்று கேட்டாள்.

கணக்குகள் இரண்டு இருக்கின்றன என்று தொடங்கினேன். உன் வீட்டில் வழிவழியாகக் கொண்ட கணக்கின்படி நீ கேட்டைதான் என்றேன். வகுப்பில் கேட்பதுபோல் பொறுமையாகக் கேட்டாள். "தெரியும் டீச்சர், அத்தயும் அப்டித்தான் சொல்றாங்க" என்றாள். "ராத்திரியானா அவங்களே, அவங்க பேருக்கு வந்த தாள எடுத்துப் பாத்துகினு உக்காந்திருக்காங்க."

பேருந்து வந்தது. கூட்டம் நெரிந்தது. நான் கீழே சன்னலோரம் நின்றேன். அவள் ஏறி, கம்பியைப் பற்றிக்கொள்ளாமல், புட்டியை இரு கைகளாலும் மார்போடு பிடித்தபடி நின்றாள். அமர்ந்திருந்த ஒரு பெண்மணி வழக்கம்போல் கையை நீட்டி, குடும்மா, மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றாள். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். பேருந்து பள்ளத்தில் இறங்கி ஏறியபோது அவள் உடல் ஒரு பக்கம் சாய்ந்தது. கைகள் மட்டும் அசையவில்லை.